சாட்சிகள் மாறிய கதை: மெஹ்ரோலி மாளிகையும் ஜெசிகா வழக்கு விட்டுச்சென்ற பாடமும்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புதுதில்லி: தலைநகரின் தென்பகுதியில் உள்ள மெஹ்ரோலிக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். 72.5 மீட்டர் உயரமுள்ள குதுப் மினாரை அண்ணாந்து பார்த்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். அந்தக் கோபுரத்துக்கு மிக அருகில் உள்ள பழைய மாளிகை ஒன்று, ஒரு காலத்தில் நாடு முழுவதும் பேசப்பட்டது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

"குதுப் காலனேட்' என்பது அந்த மாளிகையின் பெயர். அதற்குள் "டாமரிண்ட் கோர்ட்' என்ற உணவகம் இயங்கி வந்தது. ஆடை வடிவமைப்பாளரும், தில்லி மேல்தட்டு வட்டாரங்களில் நன்கு அறிமுகமானவருமான பீனா ரமணி அதை நடத்தினார். வியாழக்கிழமை இரவுகளில் அங்கு நடைபெறும் விருந்துக்கு அழைப்புக் கிடைப்பதையே பெருமையாகக் கருதியவர்கள் உண்டு. தொழிலதிபர்கள், அரசியல் பிரமுகர்களின் பிள்ளைகள், அதிகாரிகள், விளம்பர அழகிகள் என்று பலரும் கூடும் இடமாக அது விளங்கியது.

1999 ஏப்ரல் 29-ம் தேதி வியாழக்கிழமை. அன்றைய விருந்து நள்ளிரவைத் தாண்டியும் நீடித்தது. அதிகாலை 2 மணியளவில் அங்கு வெடித்த துப்பாக்கிக்குப் பின் அந்த உணவகம் மூடப்பட்டது. ஆனால் அங்கு தொடங்கிய வழக்கு, நாட்டின் குற்றவியல் நீதிமுறையை இன்றளவும் தொடர்ந்து வருகிறது.

மது மறுக்கப்பட்டதால்...

கொல்லப்பட்டவர் ஜெசிகா லால். வயது 34. விளம்பர அழகியாகப் பணியாற்றி வந்த அவர், அன்றிரவு விருந்தினருக்கு மது பரிமாறும் பொறுப்பை ஏற்றிருந்தார். மது பரிமாற அந்த உணவகத்துக்கு உரிமம் இல்லை என்பது பின்னர்தான் வெளி உலகுக்குத் தெரியவந்தது.

ஹரியாணாவைச் சேர்ந்த காங்கிரஸ் தலைவரும் முன்னாள் மத்திய இணையமைச்சருமான வினோத் சர்மாவின் மகன் மனு சர்மா, நண்பர்களுடன் அங்கு வந்தார். மது கேட்டார். பரிமாறும் நேரம் முடிந்துவிட்டது என்று கூறி ஜெசிகா மறுத்துவிட்டார். ஆத்திரமடைந்த மனு சர்மா, கைத்துப்பாக்கியை எடுத்து முதலில் கூரையை நோக்கிச் சுட்டார். இரண்டாவது தோட்டா ஜெசிகாவின் தலையைத் துளைத்தது. நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு கூறியதும், பின்னர் உச்ச நீதிமன்றம் வரை உறுதி செய்யப்பட்டதும் இதுதான்.

மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஜெசிகாவைக் காப்பாற்ற இயலவில்லை. மனு சர்மாவும் நண்பர்களும் தப்பிச் சென்றனர். அவர்கள் வந்த டாடா சஃபாரி வாகனம், பின்னர் நொய்டாவில் மீட்கப்பட்டது. ஒரு வாரம் தலைமறைவாக இருந்த மனு சர்மா, மே 6-ம் தேதி சண்டீகரில் சரணடைந்தார். கொலைக்குப் பயன்படுத்தப்பட்ட துப்பாக்கி கடைசி வரை கிடைக்கவே இல்லை.

பலர் முன்னிலையில் நடந்த கொலை இது. ஒளிந்திருந்து செய்ததல்ல. நேரில் பார்த்தவர்கள் இருந்தனர். அவர்கள் படித்தவர்கள், வசதி உள்ளவர்கள். எனவே வழக்கு எளிதில் முடிந்துவிடும் என்றே அனைவரும் எண்ணினர்.

நேர்ந்தது வேறு.

கூண்டில் ஏறியதும் மறந்தது

காவல்துறையின் முதல் தகவல் அறிக்கைக்கு அடிப்படையாக அமைந்தது ஷயான் முன்ஷி என்ற இளைஞரின் வாக்குமூலம். சம்பவத்தின்போது ஜெசிகாவுக்கு அருகிலேயே நின்றிருந்தவர் அவர். ஆனால் நீதிமன்றத்தில் சாட்சியம் அளிக்க வந்தபோது, தனக்கு ஹிந்தி எழுதப் படிக்கத் தெரியாது என்றும், ஹிந்தியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் உள்ளடக்கம் தனக்குத் தெரியாது என்றும் கூறினார். சுட்டவர்கள் இரண்டு பேர் என்றும் சொன்னார்.

இதிலிருந்து பிறந்ததுதான் "இரண்டு துப்பாக்கி' வாதம். சம்பவ இடத்தில் கிடைத்த இரண்டு தோட்டா உறைகளும் வெவ்வேறு துப்பாக்கியிலிருந்து வந்தவை என்ற வாதத்தை எதிர்த்தரப்பு முன்வைத்தது. தடயவியல் நிபுணரின் கருத்தும் அதற்குத் துணை நின்றது. துப்பாக்கியே கைப்பற்றப்படாத நிலையில், அரசுத் தரப்பின் அடித்தளம் ஆட்டம் கண்டது.

அரசுத் தரப்பில் விசாரிக்கப்பட்ட சாட்சிகள் 101 பேர். முக்கியமானவர்கள் அடுத்தடுத்துப் பிறழ் சாட்சிகளாக மாறினர். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நீடித்த வழக்கில், 2006 பிப்ரவரி 21-ம் தேதி, விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரையும் விடுதலை செய்தது.

அப்படியென்றால் ஜெசிகாவைக் கொன்றது யார்? மறுநாள் செய்தித்தாள்கள் எழுப்பிய இந்தக் கேள்வியை, அதற்கு முன் வழக்கைக் கவனிக்காதவர்கள்கூடக் கேட்கத் தொடங்கினர்.

மெழுகுவர்த்தி ஏந்திய தலைநகர்

தீர்ப்பைத் தொடர்ந்து இந்தியா கேட் பகுதியில் இளைஞர்கள் மெழுகுவர்த்தி ஏந்திக் கூடினர். எந்தக் கட்சியும் அவர்களைத் திரட்டவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் வெளியான "ரங் தே பசந்தி' ஹிந்தித் திரைப்படத்தில் இடம்பெற்ற காட்சியின் பாதிப்பு அதில் இருந்ததாகப் பலரும் குறிப்பிட்டனர். செய்தித் தொலைக்காட்சிகள் குறுஞ்செய்தி வழியாக மக்களின் கருத்தைத் திரட்டின. பின்னாளில், 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமைக்கு எதிராக ராஜபாதையில் திரண்ட கூட்டத்துக்கு, இந்த எதிர்ப்பே முன்னோடி எனலாம்.

தில்லி காவல்துறை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. சாட்சிகளை விலை பேசியதாக எழுந்த புகார் குறித்து தெஹல்கா இதழ் ரகசியக் கேமராவில் பதிவு செய்த காட்சிகள் அந்த ஆண்டின் பிற்பகுதியில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. அதன் விளைவாக, அப்போது ஹரியாணா அமைச்சராக இருந்த வினோத் சர்மா 2006 அக்டோபரில் பதவி விலகினார்.

2006 டிசம்பர் 18-ம் தேதி, நீதிபதிகள் ஆர்.எஸ். சோதி, பி.கே. பாசின் ஆகியோர் அடங்கிய உயர் நீதிமன்ற அமர்வு, மனு சர்மா குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. இரண்டு நாள்கள் கழித்து அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தடயத்தை அழித்த குற்றத்துக்காக விகாஸ் யாதவ், அமர்தீப் சிங் கில் ஆகியோருக்குத் தலா நான்கு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இவ்வழக்கு இறுதியாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மனு சர்மாவுக்காக ராம் ஜேட்மலானியும், அரசுத் தரப்பில் அன்றைய சொலிசிட்டர் ஜெனரல் கோபால் சுப்பிரமணியமும் வாதாடினர். தமிழகத்தைச் சேர்ந்தவரும் பின்னர் தலைமை நீதிபதியாக உயர்ந்தவருமான பி. சதாசிவம், நீதிபதி ஸ்வதந்தர் குமார் ஆகியோர் அடங்கிய அமர்வு, 2010 ஏப்ரல் 19-ம் தேதி ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

கூக்குரல் அல்ல, சாட்சியம்

மக்களின் கோபத்துக்குப் பணிந்து நீதிமன்றம் தீர்ப்பை மாற்றிவிட்டது என்று கருதுவோர் இன்றும் உண்டு. அது சரியல்ல. உயர் நீதிமன்றத்துக்கு வந்தது புதிய சாட்சியம் அன்று. விசாரணை நீதிமன்றத்தில் ஏற்கெனவே பதிவானதுதான். எத்தனையோ பேர் பின்வாங்கியபோதும் சிலர் தங்கள் சொல்லில் நின்றனர். பீனா ரமணி, அவரது மகள் மாலினி, கணவர் ஜார்ஜ் மெயில்ஹாட் ஆகியோரின் சாட்சியமே தீர்ப்புக்கு வலுச் சேர்த்தது. உரிமம் இன்றி மது பரிமாறிய வழக்கில் இவர்களே கைதாகி ஜாமீனில் வந்தவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தங்கள் மீதே வழக்கு இருந்த நிலையிலும் இவர்கள் மனு சர்மாவை அடையாளம் காட்டினர்.

இதனுடன், சம்பவத்துக்குப் பிந்தைய தொலைபேசித் தொடர்புகள், வாகனம் அகற்றப்பட்ட விதம், குற்றவாளி தலைமறைவானது, உரிமம் பெற்ற துப்பாக்கியை அவர் ஒப்படைக்காதது ஆகியவற்றையும் நீதிமன்றங்கள் சேர்த்துப் பார்த்தன. இரண்டு துப்பாக்கி வாதம் நிராகரிக்கப்பட்டது.

அதே வேளையில், ஊடகங்களே விசாரணை நடத்தித் தீர்ப்பு எழுதும் போக்கு குறித்து உச்ச நீதிமன்றம் தனது தீர்ப்பில் எச்சரித்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வரம்பற்ற செய்திகள் வெளியாவது, குற்றம் நிரூபணமாகும் வரை ஒருவரை நிரபராதியாகக் கருத வேண்டும் என்ற கோட்பாட்டைப் பாதிக்கும் என்று அது சுட்டிக்காட்டியது. இந்த வழக்கை உயிர்ப்பித்த பெருமை ஊடகங்களுக்கு உண்டு என்றால், இந்த எச்சரிக்கையும் ஊடகங்களுக்கு உரியதே.

ஜாமீனில் வந்தவரும் இன்னொரு கொலையும்

இந்த வழக்கின் இன்னொரு இழை அதிகம் பேசப்படுவதில்லை. உத்தரப் பிரதேச அரசியல்வாதி டி.பி. யாதவின் மகனான விகாஸ் யாதவ், ஜெசிகா வழக்கில் ஜாமீனில் இருந்த காலத்தில், 2002 பிப்ரவரியில், நிதிஷ் கட்டாரா என்ற இளைஞர் காஜியாபாதில் நடந்த திருமணத்திலிருந்து கடத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக விகாஸ் யாதவ் தண்டிக்கப்பட்டார். முதல் வழக்கு உரிய காலத்தில் முடிந்திருந்தால் என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது.

மகனைப் பறிகொடுத்த நீலம் கட்டாரா, சாட்சிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். 2003 அக்டோபரில் அந்த நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. இந்தியாவில் இத்துறையில் எடுக்கப்பட்ட தொடக்கநிலை முயற்சிகளில் அது முக்கியமானது.

நாடாளுமன்றம் செய்தவை

2006 பிப்ரவரியில் விடுதலைத் தீர்ப்பு வந்தபோது, ஜெசிகாவின் குடும்பத்துக்கு மேல்முறையீடு செய்யும் உரிமை இல்லை. காவல்துறை பதிவு செய்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டால், மேல்முறையீடு செய்ய வேண்டியது அரசே. குடும்பத்தினர் சீராய்வு மனு தாக்கல் செய்யலாம். ஆனால் அதன் மூலம் விடுதலையை நேரடியாகத் தண்டனையாக மாற்ற இயலாது. அரசு வாளாவிருந்திருந்தால் வழக்கு அத்துடன் முடிந்திருக்கும்.

இந்தக் குறையை நீக்கும் வழி, 2006 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அறிமுகமான குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்த மசோதா மூலம் பிறந்தது. 2008 டிசம்பரில் இரு அவைகளும் அதை நிறைவேற்றின. கைது தொடர்பான சில பிரிவுகளை எதிர்த்து வழக்குரைஞர்கள் போராடியதால் அமலாக்கம் தாமதமாகி, பெரும்பாலான பிரிவுகள் 2009 டிசம்பர் 31-ம் தேதி நடைமுறைக்கு வந்தன. விடுதலையை எதிர்த்தும், குறைந்த பிரிவில் தண்டனை வழங்கப்பட்டதை எதிர்த்தும், போதிய இழப்பீடு வழங்கப்படாததை எதிர்த்தும் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம் என்பது அதன் சாரம். இதற்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்த உரிமை புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

சாட்சிகளைக் குறித்தும் சட்டங்கள் வந்தன. பொய்ச் சாட்சியம் அளிக்குமாறு ஒருவரை மிரட்டுவதைத் தனிக் குற்றமாக்கும் பிரிவு, 2005-ம் ஆண்டின் திருத்தச் சட்டம் மூலம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. காவல்துறையிடம் தரும் வாக்குமூலத்தை ஒலி, ஒளி வடிவில் பதிவு செய்ய 2008 திருத்தம் வழிவகுத்தது. எனக்கு அந்த மொழியே தெரியாது என்று பின்னாளில் ஒருவர் கூறும் வாய்ப்பை இது குறைக்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறை, ஆயுள் தண்டனை, மரண தண்டனைக்கு உரிய வழக்குகளில், காவல்துறை அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் பதிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு மாநில அரசும் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்றும் அதன் 398-வது பிரிவு கூறுகிறது.

ஏட்டில் உள்ள பாதுகாப்பு

இந்தப் பிரிவுக்கு முன்னரே உச்ச நீதிமன்றம் ஒரு திட்டத்தை ஏற்படுத்திவிட்டது. 2018 டிசம்பர் 5-ம் தேதி, மகேந்தர் சாவ்லா வழக்கில், மத்திய அரசு தயாரித்த சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு அது ஒப்புதல் அளித்தது. நாடாளுமன்றமோ சட்டப்பேரவைகளோ சட்டம் இயற்றும் வரை அதுவே சட்டமாக விளங்கும் என்றும் கூறியது.

மாவட்ட அமர்வு நீதிபதி தலைமையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் குழு அமைக்கப்பட வேண்டும். மாவட்டக் காவல்துறைத் தலைவரும் அரசு வழக்கு நடத்தும் பிரிவின் தலைவரும் அதில் இடம்பெறுவர். சாட்சிக்கு உள்ள அச்சுறுத்தல், உயிருக்கு ஆபத்து முதல் சாதாரணத் தொல்லை வரை மூன்று வகைகளாகப் பிரிக்கப்படும். வீட்டுக்குக் காவல், நீதிமன்றத்துக்குத் துணையுடன் பயணம், அடையாளத்தை மறைத்தல், தேவைப்பட்டால் வேறு ஊரில் குடியமர்த்துதல் என்று பல ஏற்பாடுகள் அதில் உள்ளன. குற்றவாளியை நேருக்கு நேர் காணாமல் சாட்சியம் அளிப்பதற்கான தனி வளாகங்களை மாவட்ட நீதிமன்றங்களில் ஓராண்டுக்குள் அமைக்க வேண்டும் என்றும் உத்தரவிடப்பட்டது. அந்தப் பணியைக் கண்காணிக்க, 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கீதா மித்தல் தலைமையில் குழு ஒன்றை உச்ச நீதிமன்றமே அமைக்க நேர்ந்தது. ஓராண்டுக் கெடு எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

பாதுகாப்புக்கு மறுபக்கமும் உண்டு. அச்சத்தால் மாறும் சாட்சி வேறு. பணத்துக்கோ நட்புக்கோ மாறும் சாட்சி வேறு. முன்னவருக்குத் தேவை காவல். பின்னவருக்குத் தேவை தண்டனை. ஜெசிகா வழக்கில் பிறழ்ந்த சாட்சிகள் மீது தில்லி உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து நடவடிக்கையைத் தொடங்கியது. 2013 மே மாதம் வெளியான உத்தரவில், ஷயான் முன்ஷி மீதும் தடயவியல் நிபுணர் ஒருவர் மீதும் மட்டுமே பொய்ச் சாட்சிய வழக்குத் தொடர உத்தரவிடப்பட்டது. மற்றவர்கள் விடுவிக்கப்பட்டனர். கொலை நடந்து 14 ஆண்டுகள் கழிந்த பின் வந்த உத்தரவு அது.

சிறைக்குள்ளும் வெளியிலும்

தண்டனைக்குப் பின்னரும் சர்ச்சை ஓயவில்லை. 2009 செப்டம்பரில், தாயாரின் உடல்நிலையைக் காரணம் காட்டி மனு சர்மாவுக்குப் பரோல் வழங்கப்பட்டது. அந்தக் காலத்தில் அவர் தில்லியில் கேளிக்கை விடுதி ஒன்றில் காணப்பட்டதாகச் செய்தி வெளியானதும், அன்றைய ஷீலா தீட்சித் அரசு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. மனு சர்மா நவம்பரில் திஹார் சிறைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு பரோல் வழங்குவதற்கான புதிய வழிகாட்டு நெறிமுறைகளை தில்லி அரசு வெளியிட்டது.

சுமார் 17 ஆண்டுகள் சிறையில் கழித்த மனு சர்மா, தண்டனை மறுஆய்வு வாரியத்தின் பரிந்துரையைத் துணைநிலை ஆளுநர் ஏற்றதைத் தொடர்ந்து, 2020 ஜூன் மாதத் தொடக்கத்தில் விடுதலையானார்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 2018-ல், திஹார் சிறை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜெசிகாவின் தங்கை சப்ரினா லால். மனு சர்மாவைத் தாம் மன்னித்துவிட்டதாகவும், அவரது விடுதலைக்குத் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றும் அவர் அதில் தெரிவித்திருந்தார். பாதிக்கப்பட்டோர் நல நிதியிலிருந்து வழங்கப்படும் தொகை தமக்கு வேண்டாம், தேவைப்படுவோருக்கு அளியுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

அக்காவின் கொலைக்குப் பின் தமது இளமையின் பெரும்பகுதியை நீதிமன்ற வராந்தாக்களில் கழித்தவர் சப்ரினா. 2011-ல் வெளியான "நோ ஒன் கில்டு ஜெசிகா' ஹிந்தித் திரைப்படம் அவரது போராட்டத்தை மையமாகக் கொண்டதே. தண்டனை வாங்கித் தரும் வரை விடாமல் போராடியவரும் அவரே. அது கிடைத்த பின் மன்னித்தவரும் அவரே. 2021 ஆகஸ்ட் 15-ம் தேதி சப்ரினா காலமானார்.

கேள்வி இன்னும் மாறவில்லை

கொலை நடந்து கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. குதுப் மினாரைச் சுற்றியுள்ள பகுதி இன்று ஆடை வடிவமைப்பாளர்களின் கடைகளும் உயர்தர உணவகங்களும் நிறைந்து காணப்படுகிறது. அந்தப் பழைய இரவின் சுவடு, வெளியூரிலிருந்து வரும் பயணியின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் சட்டப் புத்தகத்தில் அதன் சுவடு இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் மேல்முறையீட்டு உரிமையாகவும், வாக்குமூலப் பதிவு முறையாகவும், சாட்சிகள் பாதுகாப்புத் திட்டமாகவும் அது இருக்கிறது. இவை அனைத்தும் இந்த ஒரு வழக்கால் மட்டுமே வந்தவை அல்ல. குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கு, தில்லியின் பிரியதர்ஷினி மட்டூ வழக்கு, கட்டாரா வழக்கு ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. எனினும், சாட்சி பிறழ்ந்தால் என்ன நேரும் என்பதைச் சாதாரண மக்களுக்கும் புரிய வைத்தது ஜெசிகா வழக்குதான்.

ஜெசிகா தலைநகரில் வாழ்ந்தவர். ஆங்கில ஊடகங்களுக்கு அறிமுகமான வட்டாரத்தைச் சேர்ந்தவர். அவருக்காக மெழுகுவர்த்தி ஏந்த ஆயிரக்கணக்கானோர் வந்தனர். காவல்துறை மேல்முறையீடு செய்தது. உயர் நீதிமன்றம் பத்து மாதங்களுக்குள் தீர்ப்பு வழங்கியது. எங்கோ ஒரு சிறு நகரில், ஊர்ப் பெரிய மனிதரின் மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூண்டில் ஏறும் கூலித் தொழிலாளிக்கு இவற்றில் எதுவும் வாய்ப்பதில்லை. அவருடைய ஊருக்குத் தொலைக்காட்சிக் கேமராக்கள் செல்வதில்லை.

அந்தத் தொழிலாளியின் வீட்டு வாசலில் ஒரு காவலரை நிறுத்தவும், அவரது வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்காமல் முடிக்கவும் மாநில அரசுகள் முன்வரும்போதுதான் நாடாளுமன்றம் இயற்றிய பிரிவுகளுக்கும், உச்ச நீதிமன்றம் ஏற்ற திட்டத்துக்கும் பொருள் உண்டாகும். அதுவரை, 2006 பிப்ரவரியில் நாடு எழுப்பிய கேள்வி, ஏதேனும் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் மற்றொருவரின் பெயரோடு ஒலித்துக்கொண்டேதான் இருக்கும்.